விளக்கும் தராசும்

சென்ற ஆண்டு உறவினர் ஒருவரின் ஜனாஸாவில் கலந்துகொண்டு திரும்பும் வழியில், பேருந்து மாறவேண்டிய ஊரில் கடைசி வண்டியைத் தவறவிட்டேன். இரவு மணி ஒன்று. மவுத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே காலையிலிருந்து தேநீரைத் தவிர வேறொன்றும் வயிற்றில் இறங்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒற்றை விளக்கின் கீழ் சிறியதொரு பரோட்டாக் கடை விழித்திருந்தது. மூட்டை தூக்குவோர், லாரி ஓட்டுநர், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருக்க வந்தோர் எனப் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே அமர்ந்திருந்தனர். கையில் இருந்த சொற்பக் காசுக்குள் வயிறு நிறைந்துவிடும் இடம் அது.

என் அருகில் வெளியூர் முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சால்னா ஊற்றவந்த கடைக்காரரின் கையைத் தடுத்து, "தம்பி, இது என்ன கறி?" என்று கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். கடைக்காரர் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. அண்டாவின் மூடியைத் திறந்தார். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினார். எலும்போடு கூடிய துண்டொன்றை எடுத்து விளக்கருகே காட்டினார். "ஆட்டுக்கறிதான் அத்தா. நல்லாப் பாத்துட்டுச் சாப்பிடுங்க" என்றார். முதியவர் பார்த்தார், பிஸ்மி சொல்லி உண்ணத் தொடங்கினார்.

அந்த மூடி திறந்தபோது, நான் மதரஸாவில் ஓதிய நாள்களில் படித்த அரபு நூல்கள் சில என் நினைவில் திறந்தன. இரவில் திறந்திருக்கும் கடைத்தெருவும், அங்கே மலிவாகக் கிடைக்கும் சோறும், அதை விற்பவனின் கையை நம்பி உண்ணும் ஏழையும் இன்று நேற்றுத் தோன்றியவர்கள் அல்லர். அவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு பகுதியை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரவுச் சந்தைக்குத் தமிழில் அழகான பழஞ்சொல் ஒன்று இருக்கிறது. பகற்சந்தை நாளங்காடி, இரவுச் சந்தை அல்லங்காடி. அல் என்றால் இரவு. மதுரைக்காஞ்சி இவ்விரு அங்காடிகளையும் கூறுகிறது. புகார்க் கடற்கரையின் இரவை வருணிக்கும் சிலப்பதிகாரம், அங்கே ஒளிர்ந்த பலவகை விளக்குகளுள் பிட்டும் அப்பமும் விற்போர் ஏற்றிவைத்த விளக்குகளையும் மறவாமல் சேர்த்துக்கொள்கிறது. தமிழ் தந்த இந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, மிஸ்ர் நாட்டின் தலைநகருக்குச் செல்வோம். அல்லங்காடி ஒன்று எப்படி எழுந்தது, எதனால் நின்றது, எதனால் விழுந்தது என்று முழுமையாகப் படிக்கக் கிடைக்கும் நகரங்களுள் கெய்ரோவும் ஒன்று. அதன் கடைத்தெருக்களை எழுதி வைத்தவர்கள் அவற்றில் நடந்து திரிந்தவர்கள்.

பகலிலும் விளக்கெரிந்த தெரு

கெய்ரோ என்று நாம் வழங்கும் அல்காஹிராவைப் பாத்திமீ ஆட்சியினர் கி.பி. 969இல் நிறுவினர். அதற்கு முன்பே, அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மிஸ்ரை வென்றபோது அமைத்த புஸ்தாத் நகரம் அதன் தெற்கே செழித்திருந்தது. அவர்கள் கட்டிய பள்ளிவாசலைச் சுற்றிலும் கடைத்தெருக்கள் பெருகின. கி.பி. 1047இல் அங்கு வந்து சேர்ந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ, தம் பயண நூலில் அந்தப் பள்ளியை ஒட்டியிருந்த 'ஸூக்குல் கனாதீல்', அதாவது 'விளக்குகளின் கடைத்தெரு' என்பதை வியந்து எழுதுகிறார். அதுபோன்ற அங்காடியை வேறெங்கும் தாம் கண்டதில்லை என்பது அவர் கூற்று.

பல மாடிகள் அடுக்கடுக்காக உயர்ந்த வீடுகள் நெருங்கி நின்றதால், அந்நகரின் சில தெருக்களில் பகலிலும் வெயில் விழாது; எப்போதும் விளக்கு எரிந்தபடியே இருக்கும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பொருள் வாங்கச் செல்வோர் பாத்திரம் கொண்டுபோக வேண்டியதில்லை. கண்ணாடி, மண்பாண்டம், காகிதம் ஆகியவற்றில் கடைக்காரரே இட்டுத் தருவார். நகை வணிகரும் காசு மாற்றுவோரும் கடையைப் பூட்டுவதில்லை. முன்னால் ஒரு வலையைத் தொங்கவிட்டுப் போய்விடுவர்.

இத்தனைக்கும் நடுவே அவர் கூறும் இன்னொரு செய்தியே நமக்கு முக்கியமானது. வாங்குவோனிடம் பொய் சொன்ன வணிகன் அகப்பட்டால், அவனை ஒட்டகத்தின்மீது ஏற்றி, கையில் ஒரு மணியைக் கொடுத்து, ஊரைச் சுற்றிவரச் செய்வார்களாம். 'நான் பொய் சொன்னேன். தண்டனை பெறுகிறேன்' என்னும் கருத்துப்பட அவன் தானே கூவிக்கொண்டு மணியடிக்க வேண்டுமாம். வெயில் விழாத தெருவில், விளக்கொளியில் பொருள் வாங்குவோன் எப்படி நம்பி வாங்கினான் என்ற ஐயத்துக்கு இந்த மணியோசையிலும் ஒரு விடை இருக்கிறது.

ஆணையால் எரிந்த விளக்கு

நாஸிர் குஸ்ரூவுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னர், இதே மிஸ்ரில் ஓர் அல்லங்காடி அரசாணையால் தோன்றி அரசாணையால் மறைந்தது. கி.பி. 996 முதல் 1021 வரை ஆண்ட பாத்திமீ மன்னர் அல்ஹாகிம் இரவில் ஊர் சுற்றுவதில் பெருவிருப்பம் கொண்டவர். ஹிஜ்ரி 391ஐ ஒட்டி, அதாவது கி.பி. 1001 அளவில், கடைகளையும் தெருக்களையும் இரவில் விளக்கேற்றி அலங்கரிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அவர் இரவுதோறும் கடைத்தெருவில் வலம்வந்தார். மக்களும் திரண்டனர். கொடுக்கல் வாங்கல் இரவுக்கு மாறியது. உண்பதிலும் பாட்டிலும் கேளிக்கையிலும் பணம் நீராய் ஓடியது.

பிறகு மன்னரின் மனம் மாறியது. முதலில் பெண்கள் இரவில் வெளிவரக் கூடாது என்று தடை வந்தது. அடுத்து ஆண்கள் கடைகளில் அமர்ந்திருக்கக் கூடாது என்று தடை வந்தது. மிஸ்ர் மக்கள் இன்றளவும் உயிரெனக் கருதும் முளூக்கிய்யாக் கீரையைக்கூட உண்ணக் கூடாது என்று தடுத்தவர் அவர். ஒருவரின் விருப்பத்தால் ஏற்றிய விளக்கை அவரது வெறுப்பே அணைத்துவிட்டது. பேரங்காடி ஒன்று நிலைபெற அரசனின் ஆர்வம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

அடுப்பில்லாத வீடுகள்

அரசாணை இல்லாமலே தழைத்த அல்லங்காடியைக் காண நாம் மேலும் முந்நூறு ஆண்டுகள் கடந்து வரவேண்டும். பாத்திமீகளின் இரு அரண்மனைகளுக்கு இடையே 'பைனல் கஸ்ரைன்' என்னும் பெருவெளி இருந்தது. 'இரு அரண்மனைகளுக்கு நடுவே' என்பது அதன் பொருள். பதினாயிரம் வீரர் அணிவகுத்து நிற்கக்கூடிய அளவு விரிந்த அந்தத் திடலில் அக்காலத்தில் சாமானியர் சந்தை வைக்க முடியாது. கி.பி. 1171இல் ஸலாஹுத்தீன் அய்யூபி அவர்கள் பாத்திமீ ஆட்சிக்கு முடிவு கட்டிய பின்னர், அரச வீதி மக்களின் வீதியாயிற்று. மம்லூக் ஸுல்தான்களின் காலத்தில் அதுவே கெய்ரோவின் இதயம்.

அந்நாளைய கெய்ரோவில் எத்தனை உழைப்பாளிகள் இருந்தனர் என்பதற்கு 1326இல் அங்கு வந்த இப்னு பதூதா ஒரு கணக்கு சொல்கிறார். ஒட்டகங்களில் நீர் சுமந்து விற்போர் 12,000 பேர்; கழுதையும் கோவேறு கழுதையும் வாடகைக்கு விடுவோர் 30,000 பேர்; நைல் நதியில் ஓடும் படகுகள் 36,000 என்று ஊரார் சொல்லக் கேட்டு எழுதுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். காட்சியில் மிகை இல்லை. இவ்வளவு பேரும் அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவர்கள். இவர்கள் எங்கே உண்டார்கள்?

கடைத்தெருவில்தான். காரணம் எளியது. மிஸ்ர் மரங்கள் குறைந்த நாடு. அங்கே விறகு விலை மிக்கது. மாடிமேல் மாடியாக அடுக்கிய வாடகை அறைகளில் அடுப்பு மூட்ட இடமும் இல்லை. மூட்டினால் தீப்பற்றும் அச்சம். ஒரு குடும்பம் தனக்கென்று ஒரு சட்டியைக் கொதிக்கவைக்க ஆகும் விறகைவிட, தெருச் சமையற்காரன் நூறு பேருக்கு ஒரே அண்டாவில் ஆக்கும்போது தலைக்கு ஆகும் விறகு மிகக் குறைவு. எனவே வீட்டில் ஆக்குவதைவிடக் கடையில் வாங்குவதே சிக்கனமாக இருந்தது. வெளியில் உண்பது செல்வருக்குரியது என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அங்கே வீட்டில் சமைப்பதே செல்வருக்குரியதாக இருந்தது.

1384இல் கெய்ரோவைப் பார்த்த பிளாரன்ஸ் நகரத்துக் கிறித்தவப் பயணி பிரெஸ்கோபால்திக்கு இது பெரும் புதுமையாகத் தோன்றியிருக்கிறது. இரவும் பகலும் தெருவிலே பெரிய செப்புக் கொப்பரைகளில் நல்ல இறைச்சியைச் சமைக்கிறார்கள் என்றும், எவ்வளவு பணக்காரராயினும் வீட்டில் சமைப்பதில்லை என்றும் அவர் எழுதுகிறார். தெருவிலேயே ஒரு தோலை விரித்து, நடுவில் உணவுத் தட்டை வைத்து, சுற்றிச் சம்மணமிட்டு உண்ணும் காட்சியையும் தீட்டுகிறார். உண்ணும் முறையை ஏளனம் செய்யவும் அவர் தவறவில்லை. பணக்காரர் எவரும் சமைப்பதில்லை என்பது வழிப்போக்கரின் மிகை. ஸுல்தான்களுக்கும் அமீர்களுக்கும் பெரும் சமையற்கட்டுகள் இருந்தன. ஆனால் ஒரே விரிப்பில் பலர் கூடி உண்ணும் அந்த வட்டத்தைக் கண்ட அவர், நம் வீட்டு ஸஹனைக் கண்டாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்.

இந்த அங்காடியை உள்ளிருந்து எழுதியவர் தகிய்யுத்தீன் அல்மக்ரீஸி. பைனல் கஸ்ரைனை ஒட்டிய பர்ஜவான் தெருவில் ஏறத்தாழ 1364இல் பிறந்தவர், 1442இல் மறைந்தவர். 'அல்கிதத்' என்னும் அவரது பெருநூல் கெய்ரோவின் தெருக்களையும் பள்ளிகளையும் சந்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வது. அந்தி சாய்ந்ததும் பைனல் கஸ்ரைனில் பொரித்த இறைச்சியும் இனிப்பும் பழமும் விற்போர் வரிசையாக அமர்ந்ததையும், மெழுகுவர்த்தியும் விளக்குமாக அந்த இடம் ஒளிர்ந்ததையும், மக்கள் காற்று வாங்க உலாவியதையும், ஒரு பக்கம் வீர வரலாறுகளைப் படிப்போரும் கவிதை சொல்வோரும் வட்டங்கூட்டி அமர்ந்ததையும் அவர் விவரிக்கிறார். அருகே, அல்அக்மர் பள்ளிவாசலை ஒட்டி, மெழுகுவர்த்திக் கடைத்தெரு ஒன்று நள்ளிரவு வரை திறந்திருந்தது. ரமளான் மாதத்தில் அங்கே ஆள் நுழைய இடமிராது.

அவர் போகிறபோக்கில் சொல்லும் ஒரு குறிப்பு என் உள்ளத்தை மிகவும் தொட்டது. கெய்ரோ நகரம் நாள்தோறும் ஆயிரம் தீனார் மதிப்புள்ள பொருளைக் குப்பைமேட்டில் கொட்டுகிறது என்று முதியோர் சொல்வார்களாம். அவை என்ன? பால்காரரும் பாலாடைக்கட்டி விற்போரும் பயன்படுத்தும் சிவப்பு மண்பாண்டங்கள். மருந்துக்கடைக் காகிதமும் நூலும். சமையற்கடைகளில் ஏழைகள் உணவுண்ட மண்கலங்கள். ஒருமுறை உண்டதும் எறியப்படும் மண்கலம்! செல்வரின் சீனப் பீங்கானை எழுதிய வரலாற்றாசிரியர் பலர். கூலியாள் சாப்பிட்டு எறிந்த சட்டியையும் வரலாறாக எண்ணியவர் மக்ரீஸி.

முஹ்தஸிபின் முத்திரை

வயிற்றுக்கு வழி இருந்தது, சரி. ஆனால் முன்பின் அறியாத ஒருவன், கண்ணுக்குத் தெரியாத அண்டாவுக்குள், மங்கிய விளக்கொளியில் ஆக்கிய உணவை எதை நம்பி உண்பது? வீட்டு உணவுக்குத் தாயின் கை பொறுப்பு. கடை உணவுக்கு யார் பொறுப்பு?

இங்கேதான் 'ஹிஸ்பா' என்னும் ஏற்பாடு வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கண்டு அதற்குள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கடிந்து, ஏமாற்றுவோர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தை உணர்த்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்தச் செய்தியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரின் பெயராலேயே அமைந்துள்ளது. குவியலுக்குள் நுழைந்த அந்தக் கையின் வேலையைப் பின்னாளில் நகரந்தோறும் செய்தவரே முஹ்தஸிப். சந்தைக் கண்காணிப்பாளர் என்று தமிழில் சொல்லலாம். இமாம் மாவர்தீயின் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'விலும், இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா'விலும் இப்பணியின் இலக்கணத்தைக் காணலாம். வீட்டுக்குள் மறைவாக இருப்பதைத் துருவிப் பார்க்க முஹ்தஸிபுக்கு உரிமை இல்லை என்பதையும் மாவர்தீ வரையறுக்கிறார். அவருடைய இடம் சந்தை.

அந்தப் பணியாளருக்குக் கைநூல்களும் இருந்தன. ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான அஷ்ஷைஸரீ எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா'வும், ஹிஜ்ரி 729 (கி.பி. 1329)இல் மறைந்த இப்னுல் உகுவ்வாவின் 'மஆலிமுல் குர்பா'வும் அவற்றுள் புகழ்பெற்றவை. உணவு ஆக்குவோர் ஒவ்வொரு வகையினருக்கும் ஒவ்வோர் அத்தியாயம் உண்டு. இந்நூல்கள் கூறும் விதிகளுள் சிலவற்றைப் பாருங்கள்.

மாவு பிசைவோன் காலாலோ முழங்காலாலோ முழங்கையாலோ பிசையக் கூடாது. தும்மலும் பேச்சும் மாவில் தெறிக்காதபடி வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். நெற்றி வியர்வை சொட்டாதிருக்க ஒரு பட்டி கட்டவேண்டும். கை முடியை மழித்துக்கொள்ள வேண்டும். பகலில் பிசையும்போது ஈ ஓட்ட ஓர் ஆள் அருகில் நிற்கவேண்டும்.

ஆட்டை முழுதாகச் சுட்டு விற்போன், அடுப்பிலிடும் முன் நிறுத்துக் கணக்கில் எழுத வேண்டும். சுட்டபின் மீண்டும் நிறுக்க வேண்டும். நன்றாக வெந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்திருக்கும். குறையாவிட்டால் இன்னும் வேகவில்லை என்று பொருள். எடை கூட்டுவதற்காக உள்ளே இரும்போ ஈயமோ ஒளித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சமையற்கடைக்காரன் பாத்திரங்களைச் சுடுநீரால் கழுவி, ஈயும் பூச்சியும் விழாமல் மூடிவைக்க வேண்டும். வெள்ளாட்டுக் கறியைச் செம்மறிக் கறியோடும், ஒட்டகக் கறியை மாட்டுக் கறியோடும் கலக்கக் கூடாது. ஏன்? நோயிலிருந்து அப்போதுதான் எழுந்த ஒருவர் அறியாமல் அதை உண்டு மறுபடி நோயில் விழக்கூடும் என்கிறார் ஆசிரியர். அக்கால மருத்துவத்தின்படி எழுந்த அச்சம் அது. அம்மருத்துவம் இன்று மாறிவிட்டது. ஆனால் முகமறியாத நோயாளி ஒருவரை மனத்தில் வைத்துச் சட்டம் எழுதிய பரிவு பழையதாகிவிடவில்லை.

இறைச்சியைக் கொத்திக் குடலில் அடைத்து விற்போரின் கடைகள் முஹ்தஸிபின் இருப்பிடத்துக்கு அருகிலேயே இருப்பது நல்லது; ஏனெனில் அத்தொழிலில் மோசடிக்கு வாய்ப்பு மிகுதி.

எல்லாவற்றிலும் சுவையானது ஹரீஸாவைப் பற்றிய விதி. கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இரவெல்லாம் குழைய வேகவைத்துக் கடையும் உணவு அது. ஹைதராபாத்தில் ஹலீம் என்றும் மலபார் மாப்பிள்ளைமாரிடையே அலீஸா என்றும் வழங்குபவை அதன் உறவுகளே. விடியற்காலையில் வேலைக்குப் போகும் உழைப்பாளிக்கு ஏற்ற உணவு. குழைந்துவிட்ட பிறகு அதில் எவ்வளவு இறைச்சி இருந்தது, நல்ல இறைச்சியா கெட்ட இறைச்சியா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே மாலையிலேயே முஹ்தஸிபின் முன்னிலையில் எடை பார்த்துப் பானையிலிட்டு, வாயை மூடி, அவருடைய முத்திரையைப் பதிக்க வேண்டும். விடியலில் அவர் வந்து முத்திரையை உடைத்தபின் அவர் கண்ணெதிரே கடைய வேண்டும். ஊர் உறங்குகிறது, பானை அடுப்பில் இருக்கிறது, மறுநாள் அதை உண்ணப்போகும் பெயரறியாத கூலியாளுக்காக ஒரு மண்முத்திரை விழித்திருக்கிறது.

ஷைஸரீயின் நூலில் இன்னொரு நயமும் உண்டு. இறைச்சியே இல்லாமல் இறைச்சி உணவும், ஈரலே இல்லாமல் ஈரல் வறுவலும், முட்டையே இல்லாமல் முட்டைப் பணியாரமும் ஆக்கும் தந்திரங்களைத் தத்துவ மேதை அல்கிந்தீ ஒரு சுவடியில் எழுதியிருப்பதாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு, அவற்றை நான் விளக்கமாட்டேன். மார்க்கப் பேணுதல் இல்லாதோர் கற்றுக்கொண்டு மக்களை ஏமாற்றக்கூடும் என்று நிறுத்திக்கொள்கிறார். அறிந்த அனைத்தையும் அச்சிலேற்றுவதே அறிவு என்று கருதும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

விதி இருந்ததனாலேயே எல்லாரும் நேர்மையாக இருந்தார்கள் என்று நான் கூறவில்லை. இத்தனை விதிகள் தேவைப்பட்டன என்பதே இத்தனை ஏமாற்றுகள் நடந்தன என்பதற்குச் சான்று. ஆனால் ஏமாற்றப்படுவோன் ஏழை, அவனுக்காக ஒருவர் பானையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அந்தச் சமுதாயம் ஒப்புக்கொண்டிருந்தது. அல்லங்காடியின் விளக்குக்கு எண்ணெய் அதுதான்.

விளக்கு மங்கிய கதை

மக்ரீஸி வரலாற்றாசிரியர் மட்டும் அல்லர். ஹிஜ்ரி 801 (கி.பி. 1399)இல் ஸுல்தான் பர்கூக் அவரைக் கெய்ரோவின் முஹ்தஸிபாக அமர்த்தினார். பிறந்த தெருவின் கடைகளுக்கு அவரே தராசு பிடித்தார். ஆனால் சில மாதங்களே. அதே ஆண்டின் இறுதிக்குள் அப்பதவி பத்ருத்தீன் அல்அய்னீயிடம் சென்றது. ஸஹீஹுல் புகாரிக்கு 'உம்தத்துல் காரீ' என்னும் பெரும் விரிவுரை வரைந்த அதே அய்னீதான். இரு பேரறிஞர்கள் ஒரு சந்தைப் பதவிக்காக மாறிமாறி வந்து போனார்கள் என்பது படிப்போர்க்கு வியப்பளிக்கும். முஹ்தஸிப் பதவி அவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது. அவ்வளவு நிலையற்றதாகவும் ஆகிவிட்டது.

ஹிஜ்ரி 806 (கி.பி. 1403-1404)இல் நைல் போதிய அளவு பெருகவில்லை. பஞ்சம் வந்தது, பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது. வெள்ளி நாணயம் மறைந்து செப்புக்காசு பெருகியது. விலைவாசி விண்ணை முட்டியது. பைனல் கஸ்ரைனின் மாலைக் கூட்டம் கலைந்தது. இருபதுக்கு மேற்பட்ட கடைகளைத் தாம் கண்டிருந்த மெழுகுவர்த்தித் தெருவில் ஐந்து கடைகள் அளவே எஞ்சின என்று மக்ரீஸி பின்னர் எழுதினார். மக்கள் வறியோராகிவிட்டனர் என்று அவர் காரணம் கூறுகிறார்.

ஆனால் அந்த வறுமைக்கே காரணம் என்ன? 1405இல் எழுதிய 'இகாஸத்துல் உம்மா' என்னும் சிறுநூலில் அவர் இதை ஆராய்கிறார். பஞ்சங்கள் முன்னும் வந்தன, போயின, இம்முறை ஏன் போகவில்லை? நைலின் மீது பழியைப் போட்டு முடித்துவிட அவர் விரும்பவில்லை. அமைச்சர் பதவி, காழி பதவி, மாகாண ஆட்சி, ஹிஸ்பா ஆகியவை கையூட்டுக்கு விற்கப்பட்டதையே முதற்காரணமாக வைக்கிறார். நிலக்குத்தகை உயர்ந்ததும், செப்புக்காசு பெருகியதும் அடுத்த காரணங்கள்.

சற்றே எண்ணிப் பாருங்கள். தராசைச் சரிபார்க்க வேண்டியவர் தம் பதவியைக் கடன்பட்டு வாங்கியிருந்தால், அந்தக் கடனை யாரிடமிருந்து அடைப்பார்? சமையற்காரனிடமிருந்துதான். சமையற்காரன் யாரிடமிருந்து ஈடுசெய்வான்? மண்கலத்தில் உண்ணும் ஏழையின் பங்கிலிருந்துதான். முத்திரை பானையின் வாயில் அப்படியே இருக்கும். உள்ளே இறைச்சி குறைந்திருக்கும். அல்ஹாகிம் காலத்தில் விளக்கு ஒரு சொல்லில் அணைந்தது. மக்ரீஸியின் காலத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் வடிந்து மங்கியது.

மூடியைத் திறந்த கை

கெய்ரோ அத்துடன் அழிந்துவிடவில்லை. பைனல் கஸ்ரைன் வழியே செல்லும் அல்முஇஸ் வீதியில் மக்கள் இன்றும் இரவில் உலவுகின்றனர். 1979இல் யுனெஸ்கோ அப்பழைய நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஏழைகளின் உணவான பூல், அதாவது இரவெல்லாம் தணலில் வெந்த மொச்சைவகைப் பயறு, அந்நகரத்தில் இன்றும் அதிகாலையில் விற்பனைக்கு வருகிறது.

நம் நாட்டிலும் உணவுக் கலப்படத்தைத் தடுக்க 1954இல் ஒரு சட்டம் வந்தது. 2006இல் அதனிடத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முஹ்தஸிபின் வேலையை இன்று அலுவலர்கள் செய்கின்றனர். அவர்கள் செய்யவேண்டியதை அவர்கள் செய்யட்டும். ஆனால் இரவு ஒரு மணிக்குச் சந்து முனையில் எரியும் அடுப்பருகே எந்த அலுவலரும் நிற்பதில்லை. அங்கே கடைக்காரரும் உண்பவரும் இறைவனும் மட்டுமே இருக்கிறார்கள்.

நம் சமுதாயத்தில் உணவுக்கடை நடத்துவோர் பலர். ஊரிலும், கடல்கடந்தும், பரோட்டாக் கல்லையும் பிரியாணித் தேக்சாவையும் நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தோர் எத்தனையோ பேர். 'ஹலால்' என்ற பலகையை வாசலில் தொங்கவிடுகிறோம். அறுத்த முறையோடு அச்சொல் முடிந்துவிடுவதில்லை. நேற்றைய கறியை இன்றையதாக விற்காதிருப்பதும், காய்ந்து கறுத்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றாதிருப்பதும், மலிவாக உண்ண வருவோனை மலிவானவனாக நடத்தாதிருப்பதும் அதில் அடங்கும். நம் பிள்ளைகளுக்கு இரவில் பொட்டலம் வாங்கிவரும் பெற்றோரும் 'இது என்ன, எப்போது ஆக்கியது' என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்பது அவமதிப்பு ஆகாது. சந்தையைக் காப்பவர்களுள் கேட்பவரும் ஒருவர்.

அன்றிரவு அந்த முதியவர் கேட்டார். கடைக்காரர் மூடியைத் திறந்தார். அவர் ஷைஸரீயைப் படித்தவரல்லர். மக்ரீஸியின் பெயரைக் கேட்டிருக்கவும் வழியில்லை. நான் காசு கொடுக்கும்போது, "அவர் அப்படிக் கேட்டது வருத்தமில்லையா?" என்று விசாரித்தேன். "என்ன வருத்தம், ஹஜ்ரத்? திங்கிறது அவர்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பரோட்டாவை வீசத் தொடங்கினார். விடியற்காலை முதல் பேருந்து வரும்வரை அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.